பியர் கிட் வாங்குகிறீர்களா? டின்மேல் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டை முதலில் உரித்துப் பாருங்கள்

போன மாதம் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் டமார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சிங்க்குக்குக் கீழே அலமாரிக் கதவு திறந்து கிடக்கிறது, தரையெல்லாம் நுரை, ஒரு கண்ணாடிச் சில்லு எதிர்ச் சுவரோரம் அரிசி வாளி வரை போயிருக்கிறது. பகலில் என் மகள் உட்கார்ந்து விளையாடும் இடம் அது. வெடித்தது நான் ஆசை ஆசையாகக் காய்ச்சிய முதல் பியர்.

சிங்கப்பூரில் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. அந்தத் தைரியத்தில் இணையத்தில் ஒருவரிடம் 110 வெள்ளிக்கு கிட் வாங்கினேன். 1.7 கிலோ மால்ட் டின் (முளைகட்டிய பார்லியின் கெட்டிச் சாறு), அதன் மூடிக்கடியில் ஒரு ஈஸ்ட் பாக்கெட், ஒரு கிலோ சர்க்கரை, குழாய் வைத்த வாளி, அவ்வளவுதான். சாற்றில் சர்க்கரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் மிதவை, அதுதான் ஹைட்ரோமீட்டர், வேண்டாமா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு பிரதர், ஹால்ல ஏழு நாள் வைங்க, எட்டாம் நாள் பாட்டில்ல அடைச்சிடுங்க" என்றார்.

ஈஸ்ட்டைப் போட்டு இரண்டு நாள் ஆகியும் ஒரு குமிழி இல்லை. மூன்றாம் நாள்தான் மேலே லேசாக நுரை கட்டியது. கேட்டால் "நார்மல்" என்று ஒரே வார்த்தை. சரி என்று எட்டாம் நாள், கோப்பிக்கடையில் கேட்டு வாங்கிவந்த பெரிய பாட்டில்களில் ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்டு 34 பாட்டில் அடைத்தேன். பத்து நாள் கழித்து ருசி பார்த்தால் டெட்டால் வாடை, அதற்குப் பின்னாலேயே நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் நெடி, நாக்கில் அசட்டுத் தித்திப்பு. முதல் தடவைதானே, இப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று ராத்திரிதான் வெடித்தது.

ஆபீசில் பல வருஷமாகக் காய்ச்சும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு பாட்டிலை ஊற்றி, வாயுவை நன்றாகக் கலக்கி வெளியேற்றிவிட்டு அவருடைய ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டார்: 1.020. ஒழுங்காக முடிந்திருந்தால் 1.010 பக்கம் வந்திருக்க வேண்டுமாம். அதாவது சோம்பேறி ஈஸ்ட் பாதி வேலையில் இருக்கும்போதே நான் மூடியை அழுத்திவிட்டேன், மிச்ச வேலையை அது பாட்டிலுக்குள் பார்த்திருக்கிறது, வெளியேற வழியில்லாத வாயுதான் பாட்டிலை உடைத்திருக்கிறது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பார்த்தும் எண் மாறாமல் இருந்தால்தான் அடைக்க வேண்டும், ஏழு நாள் கணக்கெல்லாம் சும்மா என்றார். நகப்பூச்சு நெடிக்குக் காரணம் எங்கள் ஹாலின் 30 டிகிரி. இந்த ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி பக்கம் வேண்டும், ஏசி இல்லாவிட்டால் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஐஸ் பாட்டில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டெட்டால் வாடை குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லப் போடும் குளோரமினால். கொதிக்க வைத்தால் அது லேசில் போகாது, அதை முறிக்கும் காம்ப்டன் மாத்திரை கொஞ்சம் பொடித்துப் போட வேண்டும். விற்றவர் இதில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம் அண்ணன் காலி டின்னைக் கையில் எடுத்து, விலைச் சீட்டின் ஓரத்தை நகத்தால் நெருடினார். அடியில் தேதி: காலாவதியாகி 14 மாதம். மால்ட்டாவது கறுத்துப்போகும், ருசி கெடும், அதோடு சரி. ஈஸ்ட்டோ பழசாகப் பழசாகச் செத்துக்கொண்டே வரும், இந்த வெயிலில் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். முதலில் "நீங்க பாட்டிலைச் சரியாக் கழுவல" என்றார். தேதியைக் காட்டியதும் "உணவுப் பொருளுக்குப் பணம் திரும்பத் தர மாட்டோம், வேணும்னா ஒரு ஈஸ்ட் பாக்கெட் இலவசமாத் தர்றேன்" என்றார். அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்தான்.

மிச்ச பாட்டில்களை ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, ஈரத்துண்டு சுற்றி, கையுறையும் பைக் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினேன். மனைவி அதை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள், அது தனிக் கதை. நேற்று பார்த்தேன், அதே டின் படத்தோடு அவர் விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது 99 வெள்ளிக்கு.