நைட் ட்ரெயினா, கிரீப்ஷோ 3-ஆ? என் ஓட்டு ட்ரெயினுக்குத்தான்

போன வாரம் ராத்திரி ரூம்ல மூணு பேர் உக்காந்து ஏதாவது மட்டமான ஆந்தாலஜி (ஒரே படத்துல பல குட்டிக் கதை) பேய்ப்படம் பாக்கலாம்னு பேச்சு வந்துச்சு, கையில இருந்தது ரெண்டு, 1985ல வந்த நைட் ட்ரெயின் டு டெரர், 2006ல வந்த கிரீப்ஷோ 3. ரெண்டையும் முன்னாடியே பாத்தவன் நான் ஒருத்தன்தான், அதனால என்னையே முடிவு பண்ணச் சொல்லிட்டாங்க. ட்ரெயினைப் போட்டேன்.

நடிப்பு, மேக்கப், ரத்தம் எல்லாம் ரெண்டுலயும் சுமார்தான், அதை விட்ருவோம். கிரீப்ஷோ 3க்கு பேரு மட்டும்தான் பழசு, 1982ல முதல் படத்தை எடுத்த ஜார்ஜ் ரொமேரோவும் இதுல இல்ல, எழுதின ஸ்டீபன் கிங்கும் இல்ல. அஞ்சு கதை. ப்ரொஃபசர் கட்டிக்கப் போற பொண்ணை ரோபோன்னு நம்பி ஸ்டூடண்ட்ஸ் பிரிச்சுப் பாக்குறது ஒண்ணுதான் மனசுல நின்னுச்சு. ஒரே தடவைதான் பாத்திருக்கேன், மறுபடி பாத்தா இன்னொண்ணும் புடிக்கலாம்.

எனக்கு ஆந்தாலஜில முக்கியமே ஒரு கதை முடிஞ்சதும் நம்மள எங்க கூட்டிட்டு வர்றாங்கங்கறதுதான். கதை சொதப்புனாகூட திரும்பி வர்ற இடம் நல்லா இருந்தா அடுத்ததுக்குப் பொறுமையா உக்காருவோம். கிரீப்ஷோ 3ல ஒரே ஏரியா ஆளுங்க ஒரு கதைல இருந்து இன்னொண்ணுக்கு வந்துட்டுப் போவாங்க, அவ்ளோதான், மூச்சு விட இடமே கிடையாது.

ட்ரெயின்ல பாருங்க, ஒரு கம்பார்ட்மெண்ட்ல கடவுளும் சாத்தானும் எதிரெதிரா உக்காந்து கதைகள்ல வர்றவங்கள்ல யாரோட ஆத்மா யாருக்குன்னு வாதாடிட்டு இருக்காங்க, இன்னொரு பக்கம் ஒரு மியூசிக் பேண்ட் பசங்க கலர் கலர் ட்ரெஸ்ல ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடி ஆடிட்டே இருக்காங்க, விடிஞ்சா ட்ரெயின் விபத்துல சிக்கப் போகுதுன்னு நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு விஷயத்துக்காகவே நான் ஒவ்வொரு தடவையும் கம்பார்ட்மெண்ட் எப்ப வரும்னு காத்துட்டு இருப்பேன்.

கதைகள் மூணும் தனித்தனிப் படங்கள்ல இருந்து வெட்டி ஒட்டினது, அதுல ஒண்ணு அப்போ முழுசா எடுத்து முடிக்காத படம். எழுதினவர் ஆஸ்கர் வாங்கின ஃபிலிப் யோர்டன். வெட்டுன வெட்டுல எது ஏன் நடக்குதுங்கறதே பாதி காணாமப் போச்சு, நடிகர் ரிச்சர்ட் மால் வேற ஒரு கதைல ஆஸ்பத்திரி ஊழியர், இன்னொண்ணுல நோபல் வாங்கின எழுத்தாளர். ஆனா அதே வெட்டாலதான் எந்தக் கதையும் இழுக்கல. சாவு விளையாட்டு ஆடுற கிளப்புல விஷ வண்டு ஒண்ணைப் பறக்கவிட்டு அது யாரைக் கடிக்கும்னு எல்லாரும் அசையாம உக்காந்திருப்பாங்க பாருங்க, அங்க எங்க ரூம்லயும் சத்தமே இல்ல.

கதை கோர்வையா புரியணும்னா கிரீப்ஷோ 3 தேவலாம், அதை ஒத்துக்கறேன். ஆனா ரெண்டாவது கதைல அசந்து தூங்கின ஃப்ரெண்ட் கம்பார்ட்மெண்ட் திரும்ப வந்ததும் எந்திரிச்சு உக்காந்து, "அந்தப் பாட்டு இன்னும் வருமாடா"ன்னு கேட்டான். வந்துச்சு.