அக்கா மகனுக்கு முதல் கேமரா: நிக்கான் டி3500-ஆ, கேனான் 200டி 2-ஆ?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்து மூன்று கேமராக்களின் படத்தைப் போனில் காட்டினான். மூன்றுமே ஏற்கெனவே ஒருவர் கைபட்டவை. நிக்கான் டி3500, கேனான் 200டி 2, கேனான் 1500டி. "மாமா, கோயில் விசேஷம், காதுகுத்து, சடங்கு என்று நாலு பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். போனை நீட்டிக்கொண்டு நின்றால் யாரும் மதிப்பதில்லை. இதில் எதை வாங்கட்டும்?" என்றான்.

நான் பல வருடமாக நிக்கான்காரன். இப்போது கையில் இருப்பதும் டி3500தான். என் பதில் என்னவாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஒரு பையன் சேர்த்து வைத்த கியாட்டில், அதாவது பர்மாக் காசில், முதல் கேமரா வாங்கும்போது நான் என் கட்சியைப் பேசுவது நியாயமில்லை. தங்கை வீட்டுக்காரரிடம் 200டி 2 ஒன்று இருக்கிறது. அதை இரண்டு வாரம் இரவல் வாங்கி, என்னுடையதோடு சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு ரங்கூனில் சுற்றினேன்.

முதலில் 1500டியை ஒதுக்கிவிடுகிறேன். 2018-இல் வந்தது, 24 மெகாபிக்சல். நல்ல வெயிலில் எடுத்த படத்தைப் பார்த்தால் மற்ற இரண்டோடு வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் உள்ளே இருந்து படத்தைச் செய்து தரும் டிஜிக் 4 பிளஸ் சிப் பழைய சரக்கு. நொடிக்கு 3 படம்தான் எடுக்கும்; மற்ற இரண்டும் 5. ஒரு சார்ஜுக்குக் கணக்கு 500 படம். திரையைத் தொட்டால் எதுவும் நடக்காது. விலை பாதியாக இருந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் வேண்டாம். இதற்கும் கீழே 3000டி என்று ஒன்று உண்டு. லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்.

"இந்தக் காலத்தில் யார் மாமா டிஎஸ்எல்ஆர் வாங்குகிறார்கள், எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்குப் போய்விட்டார்களே" என்றும் கேட்டான். சரியான கேள்விதான். இந்த மூன்றும் உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர்; மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. டி3500 தயாரிப்பே நின்றுவிட்டது. இரண்டு கம்பெனிகளும் இப்போது புதிது புதிதாக விடுவதெல்லாம் மிரர்லெஸ்தான். முகத்தையும் கண்ணையும் தேடிப்பிடித்து ஃபோகஸ் செய்வதில் அவை எங்கேயோ போய்விட்டன. ஆனாலும் நம் ஊருக்கு டிஎஸ்எல்ஆர் இன்னும் பொருந்துகிறது என்று நான் சொல்வதற்கு ஒரே காரணம், கரண்ட்.

மிரர்லெஸ்ஸில் நாம் பார்ப்பது ஒரு சின்னத் திரை. கேமராவைக் கண்ணில் வைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும், படத்தைப் பதிவு செய்யும் சென்சாரும் அந்தத் திரையும் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சமே கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்கு வருகிறது. அதற்குக் கரண்ட் செலவே கிடையாது. அதனால்தான் டி3500-க்கு ஒரு சார்ஜில் 1550 படம் என்று கணக்குச் சொல்கிறார்கள். 200டி 2-க்குக் கண் வைத்துப் பார்த்து எடுத்தால் 1070. கேனானின் மலிவான மிரர்லெஸ் ஆர்100, அதே எல்பி-இ17 பேட்டரியைப் போட்டுக்கொண்டு 400-ஐத் தாண்டுவதில்லை. இந்தக் கணக்கே பாதிப் படங்களுக்கு ஃபிளாஷ் அடித்துப் பார்க்கிற கணக்கு. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் இன்னும் கூடப் போகும். தைப்பூசத்தன்று காலையில் பால்குடம் கிளம்பியதிலிருந்து இரவு சாமி உள்ளே போகிறவரை ஒரே பேட்டரியில் எடுத்திருக்கிறேன், கடைசியில் ஒரு கோடு மிச்சம். முந்தின இரவு நம் தெருவுக்குக் கரண்ட் வருகிற முறையா இல்லையா என்று பார்த்துக் கண்விழித்து உட்கார வேண்டியதில்லை. இந்த நிம்மதிக்கு எந்த மதிப்பீட்டிலும் மார்க் போட மாட்டார்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். 200டி 2-இன் அந்த 1070 கண்ணில் வைத்து எடுத்தால்தான். பின்பக்கத் திரையைப் பார்த்து எடுத்தால் மிரர்லெஸ் கணக்குக்கே இறங்கிவிடும். அந்தக் கேமராவோ திரையைப் பார்த்து எடுக்கத் தூண்டுகிற கேமரா.

ஏனென்றால் அதன் அழகே அந்தத் திரையில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் விரித்து, மேலே கீழே திருப்பி, நம் முகத்தைப் பார்க்கும்படியும் வைக்கலாம். கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரையைக் கீழே சாய்த்து, விரலால் அம்மன் முகத்தைத் தொட்டால் அங்கேயே ஃபோகஸ். டூயல் பிக்சல் என்று கேனான் சொல்கிற அந்த வித்தை, சென்சாரே தூரத்தை அளந்து லென்ஸை ஓட்டுவது. சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். டி3500-இன் திரை அசையாது, தொட்டால் கேட்காது. திரையைப் பார்த்து எடுக்கும் முறையில் அதன் ஃபோகஸ் முன்னும் பின்னும் தடவித் தடவித்தான் நிற்கும். தேர் வடத்தை இழுக்கிற கூட்டத்துக்குள் நின்று நான் கையைத் தூக்கி எடுத்ததில் பாதி வானம், பாதி யாரோ ஒருவருடைய தலைப்பாகை.

ஆனால் கண்ணில் வைத்து எடுக்கும்போது நிலைமை வேறு. நிக்கானில் ஃபோகஸ் புள்ளி 11, கேனானில் 9. இரண்டிலும் நடுப்புள்ளியைத்தான் நம்பலாம். அதனால் அது சமம். படத்தின் தரத்தில் நிக்கான் ஒரு படி மேலே. கர்ப்பகிருகத்து விளக்கு வெளிச்சமும் அதன் பக்கத்து இருட்டும் ஒரே படத்தில் வரும்போது, ரா ஃபைலில், அதாவது கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் படத்தில், இருட்டைத் தூக்கினால் டி3500 சுத்தமாகக் கொடுக்கிறது. கேனானில் மணல் மணலாகத் தெரிகிறது. முகத்தின் நிறத்துக்கு மட்டும் நான் கேனானுக்கே ஓட்டுப் போடுவேன். மஞ்சள் பூசிய முகமோ தனகா மரப்பட்டைச் சாந்து பூசிய கன்னமோ, கேமராவே முடித்துத் தரும் ஜேபெக்கில் நேரே எடுத்தாலே அழகாக வருகிறது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்தப் பொறுமை இல்லாதவனுக்கு இது பெரிய விஷயம்.

இந்த இரண்டு கேமராவையும் விட முக்கியமான ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும், அதாவது லென்ஸ். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் இரண்டிலும் இருட்டுக்கு லாயக்கில்லை. ஜூம் செய்யச் செய்யத் திறப்பு எஃப் 5.6 வரை சுருங்கிவிடும்; எஃப் எண் கூடினால் திறப்பு சின்னது என்று அர்த்தம். பூக்குழி இறங்குவது எப்போது? பொழுது சாய்ந்த பிறகு. என் முதல் தீமிதிப் படங்களில் நெருப்பு மட்டும் தெளிவாக இருக்கும், மனிதர்கள் எல்லாரும் ஆவியைப்போல் நீண்டிருப்பார்கள். எஃப் 1.8 திறப்புள்ள லென்ஸ் ஒன்று, எஃப் 5.6-ஐப் போல ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அங்கே 15-இல் ஒரு நொடி தேவைப்படுகிற படத்தை இங்கே 150-இல் ஒரு நொடியில் எடுத்துவிடலாம். நடந்து வருகிற கால் உறைந்து நிற்கும். ஆகவே கேமராவுக்கு என்று வைத்த காசில் ஒரு பங்கைப் பிரித்து இதற்கு வைத்துவிடு என்பதுதான் நான் அவனுக்குச் சொன்ன முதல் புத்தி.

அந்த லென்ஸ் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வில்லங்கம் இருக்கிறது. டி3500-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 50 மிமீ எஃப் 1.8டி லென்ஸை மாட்டினால் கையால்தான் திருகி ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஏஎஃப்-எஸ் 35 மிமீ எஃப் 1.8 டிஎக்ஸ் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நம் கண் பார்க்கிற அகலத்தில் வரும், மண்டபத்துக்குள் பின்னால் நகர இடம் இல்லாத ஊரில் அது பெரிய உபகாரம். கேனானில் இந்தக் குழப்பம் இல்லை. 1987-இலிருந்து வந்த இஎஃப் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே எதை மாட்டினாலும் ஓடும். ஆனால் மலிவாகக் கிடைக்கும் 50 மிமீ எஃப் 1.8 எஸ்டிஎம், இந்தச் சின்னச் சென்சாரில் 80 மிமீ லென்ஸைப்போல் பார்வை குறுகிவிடும். மணமக்களின் முகத்துக்கு அருமையான லென்ஸ். தாலி கட்டும்போது இரண்டு வீட்டாரும் சேர்ந்து நிற்பதை எடுக்க, சுவரை உடைத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும்.

வீடியோவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, கேனான் ஜெயித்துவிட்டது. மைக் செருகும் துளை இருக்கிறது. டி3500-இல் இல்லை, ஆகவே நாதஸ்வரமும் ஜெனரேட்டரும் ஒரே சத்தத்தில் பதிவாகும். 4கே இருக்கிறது என்று மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. 4கேயில் படத்தின் ஓரங்களை வெட்டிவிடும், அந்த டூயல் பிக்சல் ஃபோகஸும் வேலை செய்யாது. ஃபுல் எச்டியில் எடுப்பவனுக்குத்தான் அந்தக் கேமரா தங்கம்.

ஃபிளாஷ் விஷயம்தான் பலருக்குத் தெரியாத ஒன்று. கேமராவின் தலையில் ஃபிளாஷ் செருகும் இடத்தின் நடுவில் ஒரு உலோகப் புள்ளி இருக்கும். பொதுவாக எந்தக் கம்பெனி ஃபிளாஷானாலும் அதைத் தொட்டுத்தான் அடிக்கும். கேனான் 200டி 2-இல் அந்த நடுப்புள்ளியையே எடுத்துவிட்டது. கேனானின் மொழி தெரிந்த ஃபிளாஷ் மட்டும்தான் அதில் அடிக்கும். கையால் செட் செய்கிற மலிவு ஃபிளாஷும் அந்தப் புள்ளியை நம்பி, தள்ளி வைத்த ஃபிளாஷை அடிக்கவைக்கும் ரேடியோ ட்ரிக்கரும் ஊமை. நிக்கானில் அந்தப் புள்ளி பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் ஃபிலிம் காலத்து ஃபிளாஷை அப்படியே தூக்கி மாட்டிவிடாதே. சிலவற்றில் அந்தப் புள்ளியில் கேமரா தாங்காத அளவுக்கு வோல்ட் இருக்கும், கேமராவைப் பொசுக்கிவிடும். மீட்டர் வைத்து அளந்த பிறகு மாட்டு.

படத்தைப் போனுக்கு அனுப்புவதில் 200டி 2-க்கு வைஃபை உண்டு, முழு அளவில் போகும். டி3500-க்கு ப்ளூடூத் மட்டும். தானாக அனுப்புவது 2 மெகாபிக்சல் படத்தை. வைபரில் அத்தைக்கு அனுப்ப அது போதும்.

மழை. இரண்டு கேமராவும் தண்ணீர் புகாதபடி அடைத்தவை அல்ல. திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா நாலு நாளும் பையைவிட்டு எடுக்காதே, பீப்பாய் வைத்து ஊற்றுகிறவனுக்கு உன் கேமரா தெரியாது. ஆனால் தண்ணீரைவிட மோசமானது ஈரக்காற்று. மே முதல் அக்டோபர் வரை இந்த ஊரில் சுவரே வியர்க்கிறது. ஆடி மாதம் நான் ஒரு லென்ஸைத் துணிப்பையில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, தீபாவளிக்கு எடுத்தபோது உள்கண்ணாடியில் சிலந்தி வலை பின்னினாற்போல் பூஞ்சை. துடைக்க முடியாது, உள்ளே இருக்கிறது. அன்றிலிருந்து ரப்பர் விளிம்புள்ள மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள், பத்து ரூபாய் கடிகாரம் போல ஒரு ஈரமானி. முள் 40 சதவீதத்துக்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும். நீல மணி ரோஸ் நிறமானால் வாணலியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடுகிறேன், சமையலுக்கு இல்லாத ஒரு பழைய வாணலியில். அரிசிக்குள் புதைக்கச் சொல்லுகிறவர்கள் பேச்சைக் கேட்காதே. தவிட்டுத் தூசி உள்ளே போகும். டி3500-இல் சென்சாரைத் தானே உதறிக்கொள்ளும் வசதியும் இல்லை.

கைபட்ட கேமரா என்பதால் கடைக்குப் போகும்போது இரண்டு வேலை. ஒன்று, லென்ஸைக் கழற்றிப் பின்பக்கமாக டார்ச் அடித்து அந்தச் சிலந்தி வலை இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு, இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது. நிக்கானில் இது சுலபம், எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஷட்டர் கணக்கு எழுதப்பட்டிருக்கும். ஒரு படம் எடுத்து வந்து வீட்டில் திறந்து பார்க்கலாம். கேனானின் இந்த ரகங்களில் படத்துக்குள் எழுதுவதில்லை, வயர் போட்டு மென்பொருளால்தான் எடுக்க வேண்டும். "ரொம்பக் கம்மியாத்தான் எடுத்திருக்கு" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு ரப்பர் பிடியைப் பார். வழவழவென்று தேய்ந்திருந்தால் அதுதான் கணக்கு. நிக்கானோடு வரும் 18-55 லென்ஸின் பெயரில் விஆர் என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கை நடுக்கத்தைத் தாங்காத இன்னொரு 18-55-உம் அதே உருவத்தில் சுற்றுகிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்து, "டி3500, 35 எஃப் 1.8, வேறு பேச்சு வேண்டாம்" என்றேன். பையன் தலையைச் சொறிந்தான். "மாமா, கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பதே வீடியோதான். தாலி கட்டினதும் மலேசியாவில் இருக்கிற சித்தப்பாவுக்கு அனுப்பணும் என்கிறார்கள்" என்றான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு வாரம் இரண்டு கேமராவைத் தோளில் சுமந்திருக்க மாட்டேன். 200டி 2-ஐயே வாங்கச் சொன்னேன், கூடவே உபரியாக ஒரு பேட்டரியும், 50 எஃப் 1.8-உம். கையால் செட் செய்யும் ஃபிளாஷ் ஒன்றை அவன் முன்பே வாங்கி வைத்திருந்தான். அது இப்போது என் டி3500-இன் தலையில் இருக்கிறது.