மோல்மேன் மர வீட்டுக்கு வெளிப்பூச்சு: முதலில் ஆசாரி, பிறகுதான் பெயிண்டர்

மியான்மரின் (பர்மா) மோல்மேனில் மர வீடு வைத்திருப்பவர்கள் வெளிப்பூச்சு வேலையை நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் முடித்துவிட வேண்டும். மே மாதம் பிடித்து அக்டோபர் வரை கொட்டும் மழையால் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் பதிவாகும் ஊர் அது; சென்னையில் பெய்வதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நான் பொங்கலை ஒட்டி விடுப்பு எடுத்துச் சென்று, பெற்றோர் வீட்டு வேலையை உடனிருந்து கவனித்தேன்.

முதலில் வந்த குத்தகைக்காரர், உளுத்த இடங்களைப் புட்டி வைத்து அடைத்துவிட்டு மேலே இரண்டு கோட் அடித்தால் போதும் என்று சதுர அடிக்கு விலை சொன்னார். அவரை அனுப்பிவிட்டு, அப்பாவுக்குப் பழக்கமான தமிழ் ஆசாரி ஒருவரைத் தினக்கூலிக்கு அழைத்தோம். அவர் தாழ்வாரத் தூணின் அடியில் திருப்புளியை வைத்து அழுத்தியபோது, வெளியே பெயிண்ட் பளபளத்த அந்தத் தூணுக்குள் அது பிடிவரை இறங்கியது. உள்ளே மரம் கரும்பழுப்பு நிறத்தில் சிறுசிறு கட்டிகளாக வெடித்து, விரல் பட்டதும் பொடிந்தது. "தம்பி, பெயிண்டைப் பிறகு பார்ப்போம், தண்ணி எங்கேருந்து வருதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றார். கூரைத் தகரத்தின் மழைநீர் வடியும் பீலி ஓட்டையாகி, ஒழுகிய நீர் நேராகத் தூணின் அடியில் விழுந்துகொண்டிருந்தது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடித்து மரத்தைத் தின்றுவிடும். மேலே தடித்திருந்த பழைய பெயிண்ட் அந்த ஈரத்தை வெளியேற விடவில்லை. தேக்கு உளுக்காது என்ற நம்பிக்கை வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான் பொருந்தும், வெளிப்புற வெள்ளைக் கட்டைக்குப் பொருந்தாது.

பீலியை மாற்றிய பிறகு, கெட்ட பகுதியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்தெடுத்து, அதே அளவில் பியிங்காடோ என்ற கடினமான பர்மா மரக் கட்டையைப் பாதிக்குப் பாதி செதுக்கிப் பொருத்தி, போல்ட் முடுக்கி, சிமென்ட் மேடையின் மேல் நிறுத்தினார்கள். அறுத்த முனை வழியாகத்தான் மரம் அதிகம் நீர் குடிக்கும் என்பதால், பொருத்துவதற்கு முன்பே அந்த முனைகளில் இரண்டு முறை பிரைமர் ஊற விட்டது எனக்கு மிகவும் பிடித்தது.

பெயிண்டர் நல்ல கைக்காரர், ஆனால் பழைய பூச்சை உலர்வாகத் தேய்க்கத் தொடங்கினார். பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்ததால், தண்ணீர் தெளித்துத் தேய்க்கவும் பொடியைத் துணி விரித்துச் சேகரிக்கவும் கேட்டுக்கொண்டோம், மறுக்காமல் செய்தார். பின்சுவரில் மட்டும் பெயிண்ட் ஒட்டவே இல்லை. அந்தக் காலத்தில் கரையானுக்காகப் பூசிய கச்சா எண்ணெய் பலகையில் ஊறியிருந்தது. அங்கே பெயிண்ட் அடிப்பதை விட்டு, பழையபடி எண்ணெயே பூசச் சொன்னேன்.

ஊருக்குப் போய் இந்த வேலை எடுப்பவர்கள் ஆசாரியையும் பெயிண்டரையும் ஒரே குத்தகையில் சேர்க்காமல், தனித்தனியே தினக்கூலி பேசுங்கள். ஆசாரி வேலை முடிந்து, புதுக்கட்டை நன்றாகக் காய்ந்த பிறகே பெயிண்டருக்கு நாள் சொல்லுங்கள்.