மலேசியா 'டி ரந்தாவ்' பாஸ் வாங்கித் தரேன்னு வர்றவங்களை நம்பி ஏமாறாதீங்க: ₹92,000 போச்சு

தொண்ணூற்று இரண்டாயிரம் ரூபாய். வெளிநாட்டு கம்பெனிக்கு ஆன்லைனில் வேலை பார்ப்பவர்களைக் கம்மி செலவில் கோலாலம்பூரில் குடியேற்றித் தருகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடும் ஒரு சேவை. வெளிநாட்டு கம்பெனிக்கு ஆன்லைனில் வேலை பார்ப்பவர் மலேசியாவில் தங்க அந்நாடு தரும் அனுமதிதான் 'டி ரந்தாவ்' பாஸ். அந்தப் பாஸுக்கு 60,000, வீட்டு புக்கிங்குக்கு 32,000. பாஸும் வரல, வீடும் இல்ல, இப்போ போனும் எடுக்கிறதில்ல.

இந்தப் பாஸுக்கு ஏஜென்ட்டே தேவையில்லை. எம்.டி.இ.சி. என்ற மலேசிய அரசு நிறுவனத்தின் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரிங்கிட், கூட வரும் குடும்பத்தாருக்குத் தலைக்கு 500. நம்ம காசுக்கு இருபதாயிரத்துச் சொச்சம். அதுக்குத்தான் அறுபதாயிரம் வாங்கினார்கள்.

ஆனால் யாருக்குக் கிடைக்கும் என்பதில்தான் சூட்சுமம். சாஃப்ட்வேர், டிஜிட்டல் மார்க்கெட்டிங் போன்ற டெக் வேலைக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலர் போதும். அக்கவுன்டன்ட் மாதிரி டெக் அல்லாத வேலைக்கு 60,000 டாலர் காட்டணும். நான் அக்கவுன்டன்ட், வருமானம் 30,000 டாலர். முதல் பேச்சிலேயே இதைச் சொல்லியாச்சு. அந்த ஆள் வீடியோ காலில் ஸ்கிரீன் ஷேர் போட்டு அரசுத் தளத்தையே திறந்து காட்டினார். "பாருங்க சார், 24,000 தான், உங்களுக்கு தாராளமா கிடைக்கும்." அரசுத் தளத்தைக் கண் முன்னால் காட்டினால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அந்த 24,000 வரியோடு ஸ்க்ரோலை நிறுத்திவிட்டார். 60,000 என்பது அதற்குக் கீழேயே இருக்கிறது.

விண்ணப்பம் ரிஜெக்ட் ஆன பிறகுதான் அதோடு அவர்கள் அனுப்பிய ரெஸ்யூமே கைக்கு வந்தது. 'டேட்டா அனலிஸ்ட்' என்று மாற்றி வைத்திருக்கிறார்கள்! வேலை ஒப்பந்தத்தில் 'அக்கவுன்டன்ட்' என்று இருக்கு, சம்பளச் சீட்டிலும் அதேதான். இரண்டும் ஒத்துப்போகலைன்னா எந்த அதிகாரி பாஸ் கொடுப்பார்? பொய்த் தகவல் கொடுத்தவர் என்று என் பெயர் பதிவாகியிருந்தால் அதற்கு யார் பொறுப்பு?

வீட்டுக் கதை இன்னும் மோசம். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் கான்டோ (அடுக்குமாடி வீடு) என்று அனுப்பிய படத்தை கூகுளில் தேடினால், அதே சோபா, அதே நீலத் திரைச்சீலையோடு ஒரு தினவாடகைத் தளத்தில் கிடக்கிறது. 32,000 போனது ஒரு தனிநபர் கணக்குக்கு.

கேட்டால் முதலில் "டீம் பார்க்கிறாங்க சார்". அப்புறம் "மலேசியா கவர்ன்மென்ட் முடிவுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" அப்புறம் "சர்வீஸ் சார்ஜ் ரீஃபண்ட் கிடையாதுன்னு டெர்ம்ஸ்ல இருக்கு". வீட்டுப் பணத்துக்கு என்ன டெர்ம்ஸ் என்று கேட்டதும் வாட்ஸாப்பில் பிளாக். 92,000 ரூபாய்க்கு இதுதான் பதில்.

போகணும்னு நினைக்கிறவங்க கவனிங்க. விதிமுறைப் பக்கத்தை நீங்களே திறந்து கடைசி வரி வரை படிங்க. விண்ணப்பத் தளத்தில் உங்க பெயரில், உங்க மெயிலில் மட்டும் கணக்கு திறங்க, பாஸ்வேர்டை யாருக்கும் தராதீங்க. வேலைப் பெயர் எல்லா ஆவணத்திலும் ஒண்ணா இருக்கணும். "30 நாள் விசா இல்லாம உள்ளே போங்க, அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொன்னா நம்பாதீங்க, அது சுற்றுலா நுழைவு.

வீட்டுக்கு அங்கே வழக்கம் இரண்டு மாத டெபாசிட், அரை மாதம் கரண்ட்-தண்ணி டெபாசிட், ஒரு மாத முன்வாடகை. நேரில் பார்க்காம ஒரு ரிங்கிட் கூட அனுப்பாதீங்க. புரோக்கரிடம் ஆர்.இ.என். எண் (அவரோட பதிவு எண்) கேட்டு, புரோக்கர்களைப் பதிவு செய்யும் மலேசிய வாரியத்தின் தளத்தில் சரிபாருங்க. பணம் ஏஜென்சி கணக்குக்குத்தான் போகணும். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டின சான்று கேளுங்க.

ஏற்கெனவே இவங்ககிட்ட பணம் கட்டியிருந்தா இப்பவே நம்ம நாட்டு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் போடுங்க. தாமதமானா அந்தக் கணக்கில் முடக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது.