96-ஆவது ஆஸ்கர்: ஐவர் அணி அழகு, கடைசி உறை சொதப்பல்

2024 மார்ச் 10, ஹாலிவுட் டால்பி தியேட்டர். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்கூட்டியே தொடக்கம். நம்மூரில் விடிகாலை 4.30.

விழாவின் பலம், நடிப்பு விருதுகளைத் தந்த விதம். ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னாள் வெற்றியாளர்கள் ஐந்து பேர் மேடையேறி, ஆளுக்கொரு போட்டியாளரை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார்கள். 2009இல் செய்துபார்த்த முறைதான். தோற்கப்போகிறவருக்கும் ஒரு நிமிட மரியாதை கிடைக்கிறது. விலை? நேரம். வெறும் பேச்சு என்பதால், படத்தைப் பார்க்காதவருக்கு அந்த நடிப்பு என்னவென்றும் புரியாது.

கிலியன் மர்ஃபி, எம்மா ஸ்டோன், ராபர்ட் டௌனி ஜூனியர், டவைன் ஜாய் ரேண்டால்ஃப் என நடிப்பு விருது வென்ற நால்வருமே தகுதியானவர்கள். சிறந்த நடிகையாக ஸ்டோன் வென்றதில் மட்டும், அதே பிரிவில் போட்டியிட்ட லில்லி கிளாட்ஸ்டன் ரசிகர்களோடு சண்டை ஓயாது.

மறைந்த கலைஞர்களுக்கான அஞ்சலிப் பகுதி சொதப்பல். கேமரா நடனக்காரர்களையே சுற்றியதால் திரையில் ஓடிய பெயர்கள் பொடியாகிவிட்டன. கலை இயக்குநர் நிதின் தேசாயும் அதில் இருந்தார். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

கடைசியில் நடிகர் அல் பசினோ, சிறந்த படத்துக்குப் போட்டியிட்ட 10 படங்களையும் சொல்லாமலே உறையைப் பிரித்து 'ஓப்பன்ஹைமர்' என்றார். பட்டியலைத் தவிர்த்தது தயாரிப்பாளர்கள் முடிவு என்று பிறகு விளக்கம் வந்தது. ஏழு விருது வாங்கிய படத்துக்கு, கைதட்டலாமா என்று அரங்கமே ஒரு நொடி தயங்கியது. நடிகர் ரையன் காஸ்லிங் பிங்க் கோட்டில் மேடையில் பாடிய 'பார்பி' படப் பாட்டை மட்டும் தனியாகத் தேடிப் பார்த்துவிடுங்கள்.