மடங்கும் கூரைக்கு எண்ணெய் ஊற்றலாமா, சீல் மாற்றலாமா? கேஎல் பட்டறைகளின் மூன்று சேவைகள்: ஒரு மதிப்பீடு

மடங்கும் கூரை பாதியில் நின்றுவிட்ட காடியைக் கோலாலம்பூரில் ஏதாவது ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனால், மூன்றில் ஒரு பதில் வரும். "எண்ணெய் குறைஞ்சிருக்கு, ஊத்திட்டா ஓடும்" என்பது ஒன்று. ஹாஃப்-கட் கடையில், அதாவது வெளிநாட்டுப் பழைய காடிகளை வெட்டிக் கொண்டுவந்து விற்கும் கடையில், பழைய சிலிண்டர் எடுத்து மாட்டலாம் என்பது இரண்டாவது. சிலிண்டரைக் கழற்றிக் கொடுங்கள், உள்ளே எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையமான சீலை மாற்றித் தருகிறோம் என்பது மூன்றாவது. ஜாலான் சான் சோ லின் வட்டாரமானாலும் சரி, செகாம்புட், கெப்போங் பக்கமானாலும் சரி, பேச்சு இந்த மூன்றைச் சுற்றித்தான். இங்கே மதிப்பிடுவது இந்த வேலைகளைத்தான், எந்தக் கடையையும் அல்ல. எடுத்துக்காட்டுக்கு மெர்சிடிஸ் எஸ்எல்கே ஆர்170. 1996இல் வந்து 2004 வரை ஓடிய மாடல். அதில் மிக இளைய காடிக்கே இன்று இருபது வயது தாண்டிவிட்டது. கூரைக் கோளாறு என்று வருவதற்கு அந்த வயதே போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கூரை ஹைட்ராலிக், அதாவது பம்ப் எண்ணெயை அழுத்திச் சிலிண்டர்களால் கூரையை அசைக்கும் ஏற்பாடு, ஒரு மூடிய அமைப்பு. எஞ்சின் ஆயில் மாதிரி இது எரிந்து குறையாது. டேங்கில் 200 மில்லி குறைந்திருந்தால், அந்த 200 மில்லியும் காடிக்குள்தான் எங்கோ கிடக்கிறது: கூரை உள்துணியில், பூட் (பின்னால் சாமான் வைக்கும் இடம்) கார்பெட்டுக்கு அடியில், பக்கவாட்டு உலோக மடிப்பில். எங்கே என்று தேடாமல் மேலே ஊற்றினால், ஊற்றியதும் அங்கேயே போய்ச் சேரும்.

எண்ணெயைத் தொடுவதற்கு முன் காசு செலவில்லாத மூன்று சோதனைகள் இருக்கின்றன. இவற்றைச் செய்யாமல் பில் போடும் பட்டறையை நம்ப வேண்டாம். பூட் பகுதிக்குள் சாமானையும் கூரை வந்து உட்காரும் இடத்தையும் பிரிக்கும் திரை ஒன்று உண்டு. அது இழுத்து மாட்டப்பட்டிருந்தால்தான் எஸ்எல்கே கூரை அசையும். மாட்டாமல் விட்டால் பொத்தானை எவ்வளவு அமுக்கினாலும் பம்ப் ஓடாது. அடுத்தது பேட்டரி. கூரைப் பம்ப் மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கும். ஆகவே எஞ்சினை ஓடவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். பேட்டரி சோர்ந்திருந்தால் பாதி வழியில் நிற்பது இயல்பு. மூன்றாவது, பம்பில் இருக்கும் அவசர வால்வு. கூரையைக் கையால் மூடுவதற்காக யாரோ அதைத் திறந்துவிட்டு, திரும்ப இறுக்காமல் போயிருப்பார்கள். பம்ப் சத்தம் போட்டு ஓடும், கூரை மட்டும் அசையாது. இதைப் போய் "பம்ப் போச்சு" என்று சொல்லி முழுப் பம்பையும் மாற்றுகிற கொடுமை நடக்கிறது.

இனி முதல் சேவை: எண்ணெய் ஊற்றுவது. இதற்கு ஒரே ஒரு நியாயமான பயன்தான் உண்டு. மத்தியானம் மூன்று மணிக்கு மேகம் கறுத்து வருகிறது, கூரை திறந்தபடியே நின்றுவிட்டது, எப்படியாவது மூடியாக வேண்டும் என்றால் ஊற்றலாம். அன்றைக்கு மட்டும்.

ஊற்றுவதாக இருந்தாலும் எந்த எண்ணெய் என்பதில் விளையாடக் கூடாது. ஆர்170க்கு மெர்சிடிஸ் சொல்வது 343.0 தரக் குறி உள்ள ஹைட்ராலிக் எண்ணெய். அசல் பாகத்தின் எண் ஏ 000 989 91 03, ஒரு லிட்டர் டின். எஸ்எல்கே மாதிரிச் சின்ன அமைப்புக்கு ஒரு டின் தாராளம். கடையில் டின்னைக் கையில் வாங்கி, 343.0 என்ற எண் அதில் அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "பென்ஸுக்கு ஆகும்" என்ற வாய்ச்சொல் போதாது. பென்டோசின் சிஎச்எஃப் 11எஸ் என்ற பச்சை எண்ணெயும் ஐரோப்பியக் காடிப் பாகக் கடைகளில் கிடைக்கும். நல்ல எண்ணெய்தான், செயற்கை வகை, பவர் ஸ்டியரிங்குக்கும் போகிறது. ஆனால் 343.0 கேட்கும் டேங்கில் அதைக் கொண்டுபோய்க் கலப்பது தவறு. ஒரு காடியில் எது இருக்கிறதோ அதையே தொடர வேண்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதை முழுக்க வடித்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

லோரிக்கும் எக்ஸ்கவேட்டருக்கும் ஊற்றும் 46 நம்பர் எண்ணெயைச் சில இடங்களில் ஊற்றிவிடுகிறார்கள். அந்த 46 என்பது 40 டிகிரி செல்சியஸில் அதன் குழகுழப்பைக் குறிக்கும் எண். நூல் மாதிரி மெல்லிய குழாய்களில் அவ்வளவு கெட்டியான எண்ணெயைத் தள்ளப் பம்ப் திணறும். மோட்டார் சூடேறும், கூரை மெதுவாகும். ஆட்டோ கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப் எண்ணெய் பழைய மஸ்டாங் மாதிரி அமெரிக்கக் காடிகளுக்கு ஆகும், இதற்கு ஆகாது. பிரேக் ஆயிலை மட்டும் எந்த நிலையிலும் இந்த டேங்கின் பக்கமே கொண்டுவராதீர்கள். டாட் 4 பிரேக் ஆயில் கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை, மினரல் எண்ணெய் அல்ல. மினரல் எண்ணெய்க்காகச் செய்த சீல்கள் அதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் ஒரு தடவை போன அமைப்பில் குழாய், பம்ப், சிலிண்டர் எல்லாவற்றையும் கழுவ வேண்டியிருக்கும்.

எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. சிலிண்டரின் தண்டு வெளியே நீண்டிருக்கும்போது உள்ளே அதிக எண்ணெய் நிற்கும், டேங்கில் மட்டம் தாழ்ந்திருக்கும். தண்டு உள்ளே போனதும் அந்த எண்ணெய் டேங்குக்குத் திரும்பும். அதனால் காடியின் கையேடு எந்த நிலையில் பார்க்கச் சொல்கிறதோ, திறந்தா மூடியா, அந்த நிலையில் மட்டும்தான் கோட்டைப் பார்க்க வேண்டும். தவறான நிலையில் பார்த்து மேல் கோடு வரை நிரப்பினால், அடுத்த தடவை கூரை அசையும்போது மூடி வழியாகப் பொங்கி பூட் முழுக்க வழியும். ஃபார்மசியில் கிடைக்கும் 60 மில்லி சிரிஞ்சும் ஒரு துண்டு மெல்லிய குழாயும் இதற்குச் சரியான கருவி. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் மட்டம் பாருங்கள்.

இரண்டாவது சேவை, ஹாஃப்-கட் சிலிண்டர். வெளிநாட்டில் ஓடி முடித்து, வெட்டிக் கொண்டுவந்த காடியின் பாகம். விலை ஈர்க்கும். ஆனால் அந்தச் சிலிண்டரும் அதே வயது, உள்ளே இருக்கும் சீலும் அதே பொருள். அதுவும் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து காய்ந்தது. அதை அப்படியே மாட்டுவது ஒழுகும் சிலிண்டருக்குப் பதிலாக நாளைக்கு ஒழுகப்போகும் சிலிண்டரை வாங்குவதுதான். ஹாஃப்-கட்டுக்கு வேறு இரண்டு நல்ல பயன்கள் உண்டு. உங்கள் சிலிண்டரின் தண்டு துருப்பிடித்து அல்லது கோடு விழுந்து போயிருந்தால், உலோகத்துக்காக ஒன்றை வாங்கி, அதில் புதுச் சீல் போட்டு மாட்டலாம். பம்ப் மோட்டார் எரிந்திருந்தாலும் ஹாஃப்-கட் பம்ப் வாங்கலாம்; கடையிலேயே 12 வோல்ட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்ட மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் காசு கொடுக்கத் தகுந்த வேலை: சீல் மாற்றுவது. அசல் சிலிண்டர்களில் இருந்த சீல்கள் பாலியூரித்தேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பொருளின் மூலக்கூறுகள் உடைந்துபோகும். வருஷம் முழுக்க வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் ஊரில் அதற்கு இரண்டுக்குமே குறைவில்லை. கழற்றிப் பார்த்தால் தெரியும்: வளையமாக இருக்க வேண்டியது வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டும், இன்னொரு சிலிண்டரிலோ கிள்ளினால் பொடியாக உதிரும். அந்தப் பொடி எண்ணெயோடு சுற்றிப் போய் பம்பின் வால்வுகளில் சிக்கும். அதனால்தான் ஒரு சிலிண்டர் ஒழுகினால் அதை மட்டும் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்யச் சொல்கிறோம். ஒன்றைச் சரிசெய்ததும் முழு அழுத்தமும் திரும்ப வரும். அடுத்த பலவீனமான சீல் உடனே பிய்த்துக்கொள்ளும்.

கசிவு எங்கே என்பதற்குச் சில அடையாளங்கள். உள் கண்ணாடியிலோ வெயில் மறைப்பிலோ வழவழப்பான துளி தெரிந்தால் கூரையின் முன்விளிம்பில் இருக்கும் பூட்டுச் சிலிண்டர்தான். பூட் பக்கத்துணி ஈரமாக இருந்தால் பூட் மூடியைத் தூக்கும் சிலிண்டரையோ கூரையைத் தூக்கும் பெரிய சிலிண்டரையோ பாருங்கள். ஒவ்வொரு தண்டையும் நன்றாகத் துடைத்து, வெள்ளை டிஷ்யூவைச் சுற்றிக் கட்டி, கூரையை ஒரு தடவை திறந்து மூடிவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். எந்த டிஷ்யூ நனைந்திருக்கிறதோ அதுதான் குற்றவாளி. எந்த டிஷ்யூவும் நனையாமல் கூரை மட்டும் தானாகக் கீழே இறங்கினால், பிஸ்டனின் உள் சீல் விட்டுவிட்டது. அதில் வெளியே ஒரு சொட்டும் வராது.

நல்ல பட்டறை இந்த வேலையை எப்படிச் செய்யும் என்று தெரிந்திருந்தால் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அழுத்தத்தை விடுவிப்பதற்கு முன் கூரைக்கும் பூட் மூடிக்கும் கட்டை முட்டுக் கொடுப்பார்கள். கொடுக்காமல் வால்வைத் திறந்தால் அவ்வளவு எடையும் கையின் மேல் விழும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் வரும் இரண்டு குழாய்களுக்கும் எழுதி ஒட்டி, போட்டோ எடுத்துக்கொள்வார்கள். குழாய்கள் மாறினால் தள்ள வேண்டிய சிலிண்டர் இழுக்கும், கூரையின் இரும்புச் சட்டமே வளைந்துவிடும். கழற்றிய குழாய் முனைகளை உடனே மூடுவார்கள், தூசு போகக் கூடாது. சிலிண்டரின் வாயில் இருக்கும் வட்டக் கிளிப்பை எடுத்துத் தண்டையும் தலையையும் வெளியே இழுத்து, பழைய சீலை மரக் குச்சியாலோ பிளாஸ்டிக் ஊசியாலோ நெம்புவார்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் சீல் உட்காரும் பள்ளத்தில் கீறல் விழும், புதுச் சீலும் அங்கேயே ஒழுகும். தண்டின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். நகம் தட்டினால் அந்தத் தண்டு ஆகாது. சில சிலிண்டர்களின் வாயை ஆலையிலேயே நசுக்கி மூடியிருப்பார்கள். அதைத் திறக்க லேத் வேலை வேண்டும். லேத் இல்லாத பட்டறை "இதுக்கு சீல் கிடையாது" என்று சொல்லும் சிலிண்டர்கள் பெரும்பாலும் இவைதான்.

புதுச் சீலின் பொருளைக் கேட்டே ஆக வேண்டும். நைட்ரைல், எச்என்பிஆர், வைட்டான் என்ற ரப்பர் வகைகள் மூன்றும் மினரல் எண்ணெயைத் தாங்கும். இபிடிஎம் தாங்காது, ஊறிப் பெருத்துவிடும். அது பிரேக் ஆயிலுக்கான ரப்பர். ஓ-ரிங் கடையில் எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கும், கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆகவே பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது எந்த எண்ணெய் ஓடப்போகிறதோ அதையே சீலின் மேல் தடவ வேண்டும். கிரீஸ் தேவையில்லை.

காற்றெடுப்பது சுலபம், பொறுமைதான் வேண்டும். பெரும்பாலான கூரை அமைப்புகளில் காற்று தானாகவே டேங்குக்குத் திரும்பிவிடும். தனியாகக் காற்றெடுக்கும் ஸ்க்ரூ கிடையாது. டேங்கைக் கோடு வரை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, கூரையை நான்கைந்து தடவை முழுக்கத் திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் பத்து நிமிஷம் விட்டால் எண்ணெயில் நுரை அடங்கும், மோட்டாரும் ஆறும். விடாமல் ஓட்டினால் சூடு தாங்காமல் மோட்டார் தன்னை நிறுத்திக்கொள்ளும், வேலை கெட்டுவிட்டதாகத் தோன்றும். நல்ல நிலையில் இருக்கும் ஆர்170 கூரைக்குச் சுமார் 25 விநாடி ஆகும். வேலை முடிந்ததும் கைப்பேசியில் நேரம் பாருங்கள். அதைவிட மிக அதிகமானால் காற்று இன்னும் இருக்கிறது, அல்லது உள் சீல் ஒன்று விட்டிருக்கிறது.

வேறு காடிக்காரர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். 2002 முதல் 2008 வரை வந்த பிஎம்டபிள்யூ இசட்4இல் கூரைப் பம்ப், கூரை மடிந்து இறங்கும் குழியின் அடியில் ஸ்பாஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தும் காடியில் இலை விழுந்து வடிகால் அடைத்துக்கொள்ளும்; ஒரு நல்ல மழைக்கே மோட்டார் தண்ணீரில் மூழ்கும். வடிகாலைச் சுத்தம் செய்வது சில நிமிஷ வேலை. புது மோட்டார் போடுவதானால் பம்பையே பூட் பகுதிக்குள் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கூடுதல் கூலி கொடுக்கத் தகுந்தது. ஜாகுவார் எக்ஸ்கே8இல் முன்கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே இருக்கும் பூட்டுக்குப் போகும் குழாய் வெடித்து, பச்சை எண்ணெய் ஓட்டுநரின் தலையில் கொட்டும். குழாயை மட்டும் மாற்றினால் போதாது. பம்பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வையோ ரெசிஸ்டரையோ சேர்த்துப் போட வேண்டும்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது பழைய எண்ணெயை எங்கே ஊற்றுகிறார்கள் என்றும் பாருங்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் பழைய ஹைட்ராலிக் எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 306 என்ற எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண் ஒட்டிய டிரம் வைத்திருக்கும் இடத்தில் மற்ற வேலைகளிலும் ஒழுங்கு இருக்க வாய்ப்பு அதிகம். ரசீதில் எந்தெந்தச் சிலிண்டரின் சீல் மாற்றினார்கள், எந்தப் பொருள், எந்த எண்ணெய், எத்தனை மில்லி, எவ்வளவு காலத்துக்கு உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். "ஹைட்ராலிக் சர்வீஸ்" என்று ஒரே வரியில் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து எதையும் கேட்க முடியாது.