கிருஷ்ணகிரி கன்சல்டன்சி ஒன்றில் நேர்காணல்: போகாதீர்கள்

ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துத் தருகிறோம் என்று கிருஷ்ணகிரியில் நிறைய கன்சல்டன்சி இருக்கிறது. அதில் ஒன்றுக்கு நேர்காணலுக்குப் போய் வந்து எழுதுகிறேன். பெயர் போடவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஐந்துக்கு ஒரு ஸ்டார் கொடுப்பதே அதிகம்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல், இப்போது ஒரு மெஷின் ஷாப்பில் குவாலிட்டி பார்க்கிறேன். போனில் சொன்னது இதுதான்: பெரிய கம்பெனி, குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை, ஆன்ரோல் (கம்பெனியே நேரடியாக எடுக்கும் வேலை), பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் உண்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டால் "நேர்ல வாங்க, சொல்றோம்". சரி என்று லீவு போட்டுவிட்டு (லீவு போட்டால் அன்றைய சம்பளத்தோடு அட்டென்டன்ஸ் போனஸும் சேர்ந்து போகும்) தர்மபுரியில் பஸ் ஏறி காவேரிப்பட்டணம் வழியாகப் போய், பத்துக்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன். ஊத்தங்கரையிலிருந்து, தேன்கனிக்கோட்டை பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். குடிக்கத் தண்ணீர்கூட வைக்கவில்லை. எங்களைக் கூப்பிட்ட எச்ஆர் வந்தது மதியத்துக்கு மேல், தாமதத்துக்கு ஒரு வார்த்தை வருத்தம்கூட சொல்லவில்லை.

உள்ளே போனால் என் ரெஸ்யூமை அவர் பிரித்துக்கூட பார்க்கவில்லை. "என்னம்மா படிச்ச?" என்று முதலிலிருந்து ஆரம்பித்து, வா போ என்றே பேசினார். பாதியில் போன் வந்தால் எடுத்துவிடுவார், நான் காத்திருக்க வேண்டும். டிராயிங் படிக்கத் தெரியுமா, மைக்ரோமீட்டருக்கு லீஸ்ட் கவுன்ட் என்ன, லைனில் பீஸ் ரிஜெக்ட் ஆனால் யாரிடம் சொல்வாய், எதுவும் கேட்கவில்லை. நான் ராத்திரி உட்கார்ந்து தயார் செய்தது அத்தனையும் இதற்குத்தான். அவர் கேட்டது கல்யாணம் ஆச்சா, எப்போ ஆகும், அப்புறம் "நீங்க என்ன ஆளுங்க?" ஒரு ஷாஃப்ட்டின் விட்டத்தை அளக்க என் சாதி எதற்கு? இதைக் கேட்டபோதே எழுந்து வந்திருக்கலாம், வேலை தேவை என்பதால்தான் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில்தான் உண்மை வந்தது. வேலை ஆன்ரோல் இல்லை, அப்ரண்டிஸ். ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம். இடத்தைப் பிடித்து வைக்க ரெஜிஸ்ட்ரேஷன் பணத்தை இப்போதே ஜிபேயில் போட வேண்டும், ஒரிஜினல் சர்டிபிகேட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். முடியாது என்றேன். "உனக்கு வேலை வேணாம்னா கெளம்பு, வெளிய எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு" என்றார்.

அப்ரண்டிஸ் ஆவது குறைவான விஷயம் இல்லை, பாலிடெக்னிக் முடித்து நேராக வருகிற பிள்ளைகளுக்கு நல்ல வழிதான். ஆனால் 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி கிடையாது. சம்பளம் என்று இல்லை, உதவித்தொகைதான், அதனால் ஆன்ரோல் ஆளுக்குப் பிடிக்கிற மாதிரி பிஎஃப் பிடிக்க மாட்டார்கள். இரண்டும் ஒன்று போலப் போனில் பேசுவது பச்சைப் பொய். என்னைக் கூப்பிடும்போதே இது அவருக்குத் தெரியும். அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் வந்தே இருக்க மாட்டேன், அந்த அக்காவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டார். ரிசப்ஷனில் இருந்த பெண் மட்டும்தான் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசினார், அந்த ஒரு ஸ்டார் அவருக்காக.

வேலை தேடுகிறவர்கள் தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற முகாமுக்குக் கம்பெனிக்காரர்களே நேரில் வருகிறார்கள், யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. கன்சல்டன்சியிலிருந்து போன் வந்தால் பஸ் ஏறுவதற்கு முன்பே கம்பெனி பெயர், ஆன்ரோலா கான்ட்ராக்டா அப்ரண்டிஸா, கைக்கு எவ்வளவு வரும், எத்தனை மணி நேர ஷிஃப்ட், இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஒரிஜினலை யார் கேட்டாலும் காட்டிவிட்டுத் திரும்பக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜிபேயில் ஏற்கெனவே பணம் போட்டு ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள்.